ஒரே பஸ்ஸில் தனித்தனியாக

"ஜவ்வாது மலை ஆள் என்றால் நாளுக்கு நூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுப்பேன். அவனை இங்கே கூட்டிக்கொண்டு வருவதில் எனக்கு இருக்கிற தொல்லைக்கு அது சரியாகப் போய்விடும்." சித்தூரில் என் கடைக்குக் கம்பியும் சிமெண்டும் வாங்க வரும் மேஸ்திரி ஒருவர் இதைச் சொன்னார். அவர் கொடுமைக்காரர் இல்லை. சனிக்கிழமை சம்பளத்தை ஒருமுறைகூடத் தள்ளிப்போடாதவர். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த சித்தாள் ஒருவனை வேலூருக்குத் தன் செலவிலேயே கொண்டுபோய் வைத்தியம் பார்த்தவர். அப்படிப்பட்ட மனிதர் இதைக் குரலை உயர்த்தாமல், ஒளிவுமறைவு இல்லாமல், பில் கணக்கில் ஒரு வரியைச் சொல்லும் தொனியில் சொன்னார். கம்பி கட்டுகிற வேலை ஒன்றுதான்; மலைக்காரன் கட்டினாலும் ஆரணிக்காரன் கட்டினாலும் தூண் ஒரே மாதிரிதான் நிற்கிறது. பிறகு அந்த நூறு ரூபாய் எதற்கான கழிவு? பல மாதங்கள் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் சொன்ன தொல்லை இதுதான். மலையிலிருந்து நாலு பேரைச் சேர்த்து வரச் சொன்னால், ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டப் போகிறவர்கள் என்று சந்தேகப்பட்டு, வழியில் எங்காவது போலீஸ்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். இவர் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வீடு கட்டுகிறவரிடம் கடிதம் வாங்கிக் காட்ட வேண்டும், அரை நாள் காத்திருக்க வேண்டும். கான்கிரீட் போட வேண்டிய நாளில் ஆள் இல்லாமல் கலவை இயந்திரத்துக்கு வாடகை மட்டும் ஓடும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து அவர் ஒரு தொகையைக் கழிக்கிறார். எங்கள் பக்கத்து மற்ற மேஸ்திரிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். தொகை முன்னே பின்னே இருந்ததே தவிர, கழிக்காதவர் எவரும் இல்லை.

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடையில் இரண்டும். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்தோடு இருந்துவிட்டது. ஆனால் என் தலைமுறையில் அதை நினைத்து யாரும் தூக்கம் கெட்டதில்லை. காலையில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மாலையில் திரும்புகிறோம். குடியாத்தத்தில் பெண் எடுக்கிறோம், ஆரணியில் பட்டு எடுக்கிறோம். ஒரு காலத்தில் என் இரும்பு லோடு வரிச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றதுண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. லாரி நேராக வந்து கடை வாசலில் நிற்கிறது. காட்பாடியிலிருந்து வருகிற வழியில் கிறிஸ்டியான்பேட்டை எப்போது கடந்தது, நரஹரிபேட்டை எப்போது வந்தது என்றுகூட நான் கவனிப்பதில்லை. எனக்கு அந்தக் கோடு வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதே சாலையில், அதே பஸ்ஸில் வருகிற இன்னொருவனுக்கு அது நூறு ரூபாய் கழிவாகத் தினமும் சம்பளத்தில் விழுகிறது.

மரத்தைக் காக்கிற காவல்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செம்மரத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா என்று நீளும் இந்த வறண்ட மலைகளை விட்டால், உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. வைரம் பாய்ந்து சிவப்பு ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்ட ஓர் இரவு போதும். 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மரம் அது. சீனாவில் நாற்காலி, மேசைக்கும், ஜப்பானில் இசைக்கருவிக்கும் போகிறது. டன்னுக்குப் பல இலட்ச ரூபாய் விலை. அதைக் காக்கப் போய் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 2013 டிசம்பரில் இரண்டு வனத்துறை ஊழியர்கள் சேஷாசலக் காட்டில் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். இதை மறந்துவிட்டு எழுதுகிற எந்த எழுத்தும் எங்கள் ஊரில் எடுபடாது, எடுபடவும் கூடாது.

அந்தக் கொலைக்காகத் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். பெரும்பாலோர் வெகுநாள் சிறையில் கிடந்த பிறகு விடுதலையானார்கள். நடுவில், 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரியை ஒட்டிய காட்டில் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டக்காரர்கள். கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் துறை. முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரைக்கும் போய் அதைச் சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்களும் சேலம் பக்கத்து மலைக்காரர்கள்தான். இந்தச் செய்திகளை நாங்கள் எல்லோரும் படித்தோம், கொஞ்சநாள் பேசினோம், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். மலைக் கிராமங்கள் அப்படிப் போகவில்லை. அவை இந்தச் செய்திகளிலிருந்து பாடம் படித்துக்கொண்டன. என்ன பாடம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காவலின் இயல்பை நினைத்துப் பாருங்கள். கட்டை வேனுக்குள் காய்கறிக் கூடைக்கு அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் இந்தச் சாலைப் பக்கமே வரமாட்டார்கள். சாலையில் நிற்கிற காவலருக்குக் கண்ணில் படுவது ஆள் மட்டும்தான். எனவே ஆளைப் பார்க்கப் பழகுகிறார்கள். ஆதாரில் எந்த மாவட்டம், ஆண்களாக ஐந்தாறு பேர் சேர்ந்து வருகிறார்களா, பையில் மாற்றுத்துணி இருக்கிறதா, உள்ளங்கை காய்த்திருக்கிறதா, தெலுங்கில் கேட்டால் விழிக்கிறானா. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான சந்தேகமாகத்தான் தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மலையிலிருந்து கட்டட வேலைக்கு வருகிற எந்த மனிதனும் அப்படித்தான் இருப்பான். மானாவாரிச் சாமை அறுத்து முடிந்ததும் மலையில் வேலை இல்லை. கூர்க் காப்பித் தோட்டம், பெங்களூரு கட்டடம், செங்கல் சூளை, திருப்பதிப் பக்கத்து அடுக்குமாடி என்று கிளம்புகிறார்கள். சேர்ந்துதான் கிளம்புவார்கள், மாற்றுத்துணியோடுதான் கிளம்புவார்கள். உழைத்த கை காய்த்துத்தான் இருக்கும்.

பூதலப்பட்டுக்கு அப்பால்

சரக்கு எடுப்பதற்காகத் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து வருகிற பஸ். நான் சித்தூரில் ஏறினேன். என் பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த மேஸ்திரியோடு கம்பி ஏற்றிப்போக என் கடைக்கு வருகிறவன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். "திருப்பதியில் புது வேலை அண்ணா, சென்ட்ரிங்" என்றான். "தனியாகவா போகிறாய் தம்பி?" என்று கேட்டேன். ஒரு கணம் தயங்கி, "ஆமாம் அண்ணா" என்றான்.

பூதலப்பட்டைத் தாண்டியதும் பஸ்ஸை ஓரங்கட்டினார்கள். இரண்டு பேர் ஏறினார்கள். "எக்கடிகி?" என்று என்னிடம் கேட்டார் ஒருவர். திருப்பதிக்கு, கடைச் சரக்கு எடுக்க என்று தெலுங்கில் சொன்னேன். அட்டையும் கேட்கவில்லை, பையையும் பார்க்கவில்லை. அடுத்து அவன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆதாரை எடுத்து நீட்டினான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையோடு இறங்கச் சொன்னார். அவன் எதுவும் கேட்கவில்லை, எழுந்து போனான். நானும் பின்னால் இறங்கினேன். இவன் கட்டட வேலைக்காரன், இவனுடைய மேஸ்திரி என்னிடம்தான் சாமான் எடுக்கிறார், சித்தூர்க் கடைத்தெருவில் என் கடை என்று தெலுங்கில் சொன்னேன். மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். "காலம் அப்படி, கண்ணை மூடிக்கொண்டு விட முடியாது" என்று ஒருவர் என்னிடம் விளக்கமும் கொடுத்தார். விளக்கம் எனக்குக் கிடைத்தது. இறக்கப்பட்டவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தபோது, டீக்கடை ஓரத்தில் அவன் இன்னொருவனோடு நின்றுகொண்டிருந்தான். கட்டம்போட்ட சட்டை. முகம் அப்படியே இவன் முகம். எங்கள் இருக்கைக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்து வந்தவன் அவன். பஸ்ஸை நிறுத்தியபோதும், இவனை இறக்கியபோதும், நாங்கள் திரும்ப ஏறியபோதும் ஒருமுறைகூடத் தலையைத் திருப்பாமல் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். "இவர் என் அண்ணன்" என்றான் தம்பி.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கூடப் பிறந்தவனைப் போலீஸ் இறக்குகிறது, நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று கேட்டேவிட்டேன். அண்ணன்காரன் நிதானமாகப் பதில் சொன்னான். "சேர்ந்து உட்கார்ந்தால் கும்பல் என்பார்கள் அண்ணா. இரண்டு பேரையும் இறக்கிவிட்டால் வீட்டுக்குச் சேதி சொல்ல ஆள் வேண்டாமா?" தம்பி போளூரில் ஏறுவானாம், இவன் கண்ணமங்கலத்தில். அம்மா வைத்த ஏற்பாடு. கட்டுச்சோற்றைக்கூட இரண்டு பொட்டலமாகத்தான் கட்டிக் கொடுப்பாளாம், வழியில் கைமாற்றிக்கொண்டால் யாராவது கவனித்துவிடுவார்கள் என்று. 2015-இல் தப்பி வந்தவர்களில் ஒருவர், பஸ்ஸில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் தன்னைக் கூட்டத்தோடு சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொன்னது அப்போது செய்திகளில் வந்தது. நாங்கள் அதைப் படித்து ஆச்சரியப்பட்டதோடு சரி. அந்தத் தாய் அதை ஒரு விதியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பிள்ளைகள் நான்கைந்து மணி நேரம் ஒரே பஸ்ஸில், ஒருவரையொருவர் தெரியாதவர்களாக உட்கார்ந்து வருகிறார்கள்.

அன்றைக்குச் சரக்கெடுக்கப் போன இடத்தில் எனக்கு மனம் ஓடவில்லை. ஒரு பையன் விடுபட்டது என்னுடைய தெலுங்கால். சித்தூரில் எனக்கு ஒரு கடை இருப்பதால். நான் அந்த இருக்கையில் உட்காராமல் வேறொருவர் உட்கார்ந்திருந்தால்? அவன் கையிலிருந்த ஆதார் அசல் ஆதார். அவன் சொல்லவிருந்த பதில் உண்மையான பதில். இரண்டுக்கும் இல்லாத மதிப்பு ஒரு கடைக்காரனின் வாய்ச்சொல்லுக்கு இருந்தது. இந்தியா முழுவதும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அவனுக்கும் எனக்கும் ஒரே வரியில்தான் கொடுத்திருக்கிறது.

கழிவு எங்கே தொடங்குகிறது

மேஸ்திரி கழிக்கும் நூறு ரூபாய்க்கான விடை அந்த டீக்கடையில்தான் எனக்குக் கிடைத்தது. முன்பெல்லாம் மலையிலிருந்து ஆட்கள் செட்டாக வருவார்கள். பத்துப் பேர் சேர்ந்து வந்தால், அவர்களில் மூத்தவர் ஒருவர் மேஸ்திரியிடம் கூலி பேசுவார். கட்டுப்படியாகவில்லை என்றால் பத்துப் பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பயம் மேஸ்திரிக்கு இருந்தது. இப்போது சேர்ந்து வருவதே குற்றத்தின் அடையாளமாகிவிட்டதால், ஒவ்வொருவனாக வந்து சேர்கிறார்கள். ஒவ்வொருவனாகக் கூலி பேசுகிறார்கள். தனியாக நின்று பேசுகிறவன் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான். மரத்தைக் காக்கச் சாலையில் நிறுத்திய காவல், அந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கட்டடத்தில் கூலியைத் தீர்மானிக்கிறது.

கூலியோடும் இது நிற்கவில்லை. ஆரணிக்காரக் கொத்தனாருக்குச் சம்பளம் பாக்கி வைத்தால் அவர் நேராக ஸ்டேஷனுக்குப் போவார், இல்லையென்றால் போவேன் என்று மிரட்டவாவது செய்வார். மலைக்காரன் ஸ்டேஷன் இருக்கிற தெருவிலேயே நடக்கமாட்டான். வாடகைக்கு அறை கேட்டால் வீட்டுக்காரர் ஆதாரைப் பார்க்கிறார், "போலீஸ் வந்து கதவைத் தட்டினால் யார் பதில் சொல்வது?" என்கிறார். எனவே சிமெண்டு மூட்டைகள் அடுக்கிய கொட்டகையிலேயே படுக்கை. ஆணி குத்தினாலும் காய்ச்சல் வந்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கம், அங்கே ஊர் பெயர் கேட்பார்களே என்று. வீட்டுக்காரரும் மேஸ்திரியும் காவல் துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் சாலையில் ஒருவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதை ஊரே பார்க்கிறது. தானும் அப்படியே நடத்தக் கற்றுக்கொள்கிறது.

"அவர்களில் பலர் வெட்டத்தானே போகிறார்கள்?" என்று என்னிடம் எங்கள் ஊர் நண்பர்கள் கேட்கிறார்கள். போகிறார்கள், மறுக்கவில்லை. தெரிந்தே போகிறவர்கள் உண்டு, வேறு வேலை என்று நம்பி ஏஜென்டிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அண்ணன்காரனிடம் இதைக் கேட்டேன். அவர்கள் ஊரில் ஒருவன் வெகுநாள் பெயின்ட் வேலைக்குத்தான் வந்துகொண்டிருந்தானாம். வழியில் மறுபடி மறுபடி இறக்கப்பட்டு வேலையும் போய், கடைசியில் ஏஜென்டோடு கிளம்பிவிட்டான். "செய்தாலும் பிடிக்கிறார்கள், செய்யாவிட்டாலும் பிடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்" என்றான். இதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. நேர்மையான வேலைக்கு வரும் வழியை அடைத்துவிட்டால், ஏஜென்டுக்குத்தான் ஆள் சேர்கிறது. அப்புறம் அந்த ஆட்கள் பிடிபடுகிறார்கள். பார்த்தீர்களா என்று பழைய சந்தேகத்துக்கு அது சாட்சியாகிவிடுகிறது. கட்டை பிடிபட்டால் அரசே கிடங்கில் அடுக்கி ஏலம் விடுகிறது, வெளிநாட்டு வியாபாரிகளும் வந்து எடுக்கிறார்கள். 2016-இல் தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டத்தையும் திருத்தினார்கள். சாலையில் நின்று தண்டனையை முதலில் சுமக்கிறவன் மட்டும் மாறவே இல்லை.

என்ன செய்யலாம் என்று நானும் அந்த மேஸ்திரியும் பலமுறை பேசிவிட்டோம். வெளிமாநிலத்திலிருந்து ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டி வரும் ஒப்பந்ததாரர், ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கிற கூலிக்குக் குறையக் கூடாது என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இத்தனை வருடக் கடை வாழ்க்கையில் அப்படி ஒரு பாஸ்புக்கை எந்தக் கட்டடத்திலும் நான் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தால் வழியில் காட்ட ஒரு தாளாவது இருக்கும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். செய்கிறேன் என்றார், அச்சுக்கும் கொடுத்திருக்கிறார். ஆனால் தாளைச் சுமக்கும் பொறுப்பையும் மலைக்காரன் தலையிலேயே கட்டுவதில் எனக்கு நிறைவில்லை. இறக்குகிறவர்கள் பக்கத்திலும் ஒரு தாள் வேண்டும். 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும், அந்த இடத்திலேயே குறிப்பு எழுதிச் சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும். இது கைதே இல்லை, வெறும் விசாரணைதான் என்று சொல்லி இவை எல்லாவற்றையும் கடந்துவிடுகிறார்கள். பஸ் கிளம்பிப் போன பிறகு கீழே நிற்கிறவனுக்கு இந்த வித்தியாசம் என்ன ஆறுதலைத் தரும்? எழுதுகிற குறிப்பையும் தெலுங்கில் மட்டும் எழுதினால், கையெழுத்துப் போடுகிறவன் எதற்குப் போடுகிறான் என்றே தெரியாமல் போடுவான். தமிழிலும் ஒரு படி தர வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்து, இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளுக்கும் மனு எழுதியிருக்கிறேன். எந்த நிறுத்தத்தில் எத்தனை டிக்கெட் என்று நடத்துநரின் கையிலிருக்கும் இயந்திரம் ஏற்கெனவே பதிவு செய்கிறது. பயணி ஒருவர் டிக்கெட் எடுத்த ஊருக்கு முன்பே அதிகாரிகளால் இறக்கப்பட்டால், இடத்தையும் நேரத்தையும் அதிலேயே பதிய வேண்டும். அந்தப் பதிவை வீட்டார் கேட்டால் கொடுக்க வேண்டும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். 2015 ஏப்ரலில் அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், அந்த 20 பேரும் காட்டுக்குள் போனார்களா, சாலையிலிருந்து கொண்டுபோகப்பட்டார்களா என்ற கேள்விக்கு அன்று மாலையே விடை கிடைத்திருக்கும்.